வருதலும் போதலும்



நண்பனுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதிய மாணவன் ஒருவன், ‘நாளை உன் வீட்டுக்கு’ என்னுமிடத்தில் தடுமாறி, ‘கம்’ எழுதுவதா, ‘கோ’ எழுதுவதா என்று என்னிடம் கேட்டான். நானோ தமிழாசிரியன். தமிழ் இலக்கணம் படித்து என்ன பயன் என்று அடிக்கடி வினவுபவன் அவன். ஆகவே தொல்காப்பியத்தையே எடுத்தேன்.

வருதலும் தருதலும் தன்மை, முன்னிலைக்கு உரியன. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்பது சொல்லதிகாரக் கிளவியாக்கம் கூறும் விதி. பேசுவோரையோ கேட்போரையோ நோக்கி நடப்பது வரவு. பிறரை நோக்கி நடப்பது செலவு. ஆங்கிலத்துக்கும் இது பெரும்பாலும் பொருந்தும். கடிதம் பெறுபவன் நண்பன், அவன் முன்னிலை. எனவே அவன் வீட்டுக்கு ‘கம்’. மாமா வீட்டுக்குப் போவதை அவனுக்கு எழுதினால் ‘கோ’.

ஒற்றுமை இதனோடு முடியவில்லை. பால் ‘கெட்டுப் போயிற்று’ என்கிறோம். ஆங்கிலேயரும் அங்கே ‘கோ’ என்பர். ‘மழை பெய்யப் போகிறது’ என்னும் எதிர்காலத்துக்கும் ‘கோ’வே துணைவினையாகிறது.

மாணவன் கடிதத்தை முடித்தான். தமிழ் இலக்கணத்தின் பயனை அன்று அவன் கேட்கவில்லை.

விடைபெறுகையில் ‘போகிறேன்’ என்பது நம் வழக்கமன்று. வருகிறேன், நேயர்களே!