ஜெர்மனியும் அண்டை நாடுகளும்



ஐரோப்பாவின் தேசப்படத்தை விரித்துப் பாருங்கள். நடுவே ஜெர்மனி, அதனைச் சூழ ஒன்பது நாடுகள். அண்டை வீட்டார் இத்துணைப் பேர் உடையவன், ஒன்று அவர்களை அடக்கியாள முயல்வான். அல்லது அவர்களோடு இணங்கி வாழக் கற்பான். இரண்டையும் ஒரே நூற்றாண்டில் செய்து பார்த்த நாடு அது. அடக்க முயன்றதன் முடிவை 1945-ஆம் ஆண்டு காட்டிற்று. இணங்கக் கற்ற வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1949-இல் ஜெர்மனி இரு நாடுகளாயிற்று. மேற்கு ஜெர்மனியின் முதல் தலைமையமைச்சரான அடனாவர், பிரான்ஸுடன் இருந்த பழம்பகையைத் தீர்த்தது பெருஞ்சாதனை. ஆனால், கிழக்கே மற்றொரு ஜெர்மன் நாடு உண்டு என்பதை அவர் ஒப்புக்கொள்ள மறுத்தார். அதனை அங்கீகரிக்கும் நாடுகளோடு தமக்கு உறவில்லை என்ற கொள்கை 1955-இல் எழுந்தது. ஹால்ஸ்டைன் கோட்பாடு என்பது அதன் பெயர். சோவியத் யூனியனுக்கு மட்டும் விலக்கு! 1957-இல் யூகோஸ்லாவியாவுடனும், 1963-இல் கியூபாவுடனும் இதன்படியே உறவு முறிந்தது. நம் பாரதமும் 1972 வரையில் கிழக்கு ஜெர்மனியோடு முழுத் தூதரக உறவு கொள்ளவில்லை. ஆயினும், இல்லை இல்லை என்று சொல்லிவிட்டால் இருக்கும் நாடு மறைந்துவிடுமா?

மறையாது என்று உணர்ந்து நடந்தவர், 1969-இல் தலைமையமைச்சரான வில்லி பிராண்ட். 1970 டிசம்பர் 7-ஆம் நாள் அவர் வார்ஸாவில், ஓடர், நைஸ்ஸே ஆறுகளே போலந்தின் மேற்கு எல்லை என ஏற்கும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார். அன்றே, யூதர் எழுச்சியின் நினைவுச் சின்னத்தின்முன் மலர்வளையம் வைத்தவர், எவரும் எதிர்பாராத வகையில் மண்டியிட்டார். ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி 1933-இலேயே நார்வே சென்றவர் அவர். தாம் செய்த குற்றத்துக்காக மண்டியிடவில்லை. உள்நாட்டிலோ, ‘ஸ்பீகல்’ வார இதழ் கருத்துக் கேட்டபோது, 48 சதவீதத்தினர் அச்செயல் மிகை என்றனர். 41 சதவீதத்தினரே தகும் என்றனர். மிகை என்றவர்களை நாம் எளிதில் பழித்துவிடலாகாது. சைலீஷியாவிலும் பொமரேனியாவிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகளை இழந்து, அகதிகளாய் வந்தவர்கள் பல லட்சம் பேர். அவ்வீடுகள் இனித் திரும்பக் கிட்டா என்பதே அவ்வுடன்படிக்கையின் பொருள். 1972 ஏப்ரலில் பிராண்டைப் பதவி நீக்கக் கொண்டுவந்த தீர்மானம், இரண்டே வாக்குகள் குறைந்தமையால் தோற்றது.

எல்லையை ஏற்ற பிறகே அண்டை நாட்டாரின் அச்சம் தணியலாயிற்று. 1990-இல் இரு ஜெர்மனிகளும் இணைந்தபோது, அதே எல்லை மீண்டும் உறுதிசெய்யப்பட்டது. படைவீரர் 3,70,000 பேருக்கு மேற்படலாகாது, அணுவாயுதம் கூடாது என்பவற்றையும் ஜெர்மனி ஒப்புக்கொண்டது. பின்னர் 1999-இல் கொஸோவோ போரில் அது கலந்துகொண்டதும், 2003-இல் ஈராக் போருக்கு மறுத்ததும் தனியே பேசத்தக்கவை.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அதே 1970-இல் சோவியத் எரிவாயுவை வாங்கும் ஒப்பந்தமும் ஏற்பட்டது. வாணிகம் வளர்ந்தால் பகைமை தேயும் என்பது கணக்கு. எல்லையை ஏற்றது நிலைத்தது. எரிவாயுக் கணக்கோ பொய்த்தது என்பது என் கருத்து. 2022 பிப்ரவரி 24-இல் ரஷ்யா உக்ரைன்மீது பெரும்படையெடுப்பைத் தொடங்கிற்று. அதற்கு முந்தைய ஆண்டில் ஜெர்மனி இறக்குமதி செய்த எரிவாயுவில் ஏறக்குறையப் பாதி ரஷ்யாவினுடையது! படையெடுப்பு தொடங்கிய மூன்றே நாட்களில், தலைமையமைச்சர் ஷோல்ஸ் ராணுவத்துக்கென 10,000 கோடி யூரோ ஒதுக்குவதாக அறிவித்தார்.

பால்டிக் கரையிலுள்ள லிதுவேனியாவை 1941-இல் ஜெர்மானியப் படை ஆக்கிரமித்தது. 2025 மே மாதம், அந்நாட்டின் தலைநகரான வில்னியஸில் ஒரு விழா நடந்தது. அங்கேயே நிலையாகத் தங்கவிருக்கும் ஜெர்மானியப் படையணி ஒன்றின் தொடக்க விழா அது. லிதுவேனிய அரசே அப்படையணியை விரும்பி வரவேற்றது.