சேற்றில் இறங்கும் மாணவர்களை வரவேற்போம்! சாகுபடிச் செலவை அவர்கள் கையாலேயே எழுத வைப்போம்!

(சங்கத்தின் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நம்ம ஊர்களுக்கு மாணவர்கள் வர்றாங்க. வேளாண் கல்லூரியில் நாலு வருஷப் பட்டப்படிப்பு படிக்கிற பிள்ளைகள், கடைசி வருஷத்தில் ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்தின் கீழ் கிராமத்தில் தங்குகிறார்கள். மற்ற கல்லூரிப் பிள்ளைகள் 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஏழு நாள் முகாமுக்கு வருகிறார்கள். வரட்டும், வரவேற்கிறோம். ஆனால் எப்ப வரணும், வந்து என்ன செய்யணும் என்று சொல்கிற உரிமை நமக்கும் வேணும்.

இப்ப பல ஊர்களில் நடப்பது என்ன? பேனர் கட்டுகிறார்கள். அரை மணி நேரம் வரப்பில் நிற்கிறார்கள். போட்டோ எடுக்கிறார்கள். மறுநாள் பேப்பரில் ‘விவசாயிகளுக்கு நடவு செயல்விளக்கம்’ என்று செய்தி வருது. முப்பது வருஷமாக நாற்று முடிச்சைக் கையில் பிடித்தவளுக்கு நடவு செயல்விளக்கமா? பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. அவர்களிடம் கேட்கப்படுவது ரிப்போர்ட். ரிப்போர்ட்டுக்குத்தான் மார்க்கு.

நம்ம ஆட்களுக்கு இரண்டு சந்தேகம் இருக்கு. படிக்கிற புள்ளைங்க என்ன வேலை செஞ்சிடும் என்பது ஒன்று. உண்மைதான். முதல் மூணு நாள் நாம்தான் சொல்லிக் கொடுக்கணும். ஆள் பற்றாக்குறைக்கு மாணவர்கள் மருந்து கிடையாது. இன்னொன்று, சம்பளமில்லாத ஆள் கிடைத்தால் நம்ம கூலி குறையுமே என்று விவசாயத் தொழிலாளர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சங்கம் உறுதியாகச் சொல்கிறது: மாணவர் வருகிற அன்றைக்கும் நடவாளுக்கு வேலை உண்டு, முழுக் கூலி உண்டு. மாணவர் கூட நின்று செய்யலாம், அவர்கள் இடத்தில் நிற்கக் கூடாது.

அப்படியானால் மாணவர்களால் நமக்கு என்ன பிரயோஜனம்? இருக்கு. திருந்திய நெல் சாகுபடியை எடுத்துக்குங்க. ஏக்கருக்கு மூணு கிலோ விதை, 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, இருபத்திரண்டரை சென்டிமீட்டர் சதுரம். விதை மிச்சம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் முதல் தடவை கயிறு பிடிக்க, அளவு பார்க்க, கோனோவீடர் உருட்ட ஆள் இல்லாமல்தான் பலரும் கைவிட்டார்கள். அங்கே நாலு மாணவர்கள் நின்றால் அது உதவி. மண் மாதிரியை முறையாக எடுத்து, ஆய்வுக்கு அனுப்பி, முடிவை நம்ம கையில் கொடுத்து, எந்த உரத்தைக் குறைக்கலாம் என்று சொன்னால் அது படிப்பு.

இதையெல்லாம் விடப் பெரிய வேலை ஒன்று இருக்கு. அது செலவுக் கணக்கு.

2025-26-க்குச் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். உற்பத்திச் செலவு 1,579 ரூபாய், அதற்கு மேல் பாதி சேர்த்துக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். அந்த 1,579-இல் கைக்காசு செலவும் குடும்பத்தார் உழைப்பும் மட்டும்தான் சேரும். சொந்த நிலத்துக்கான வாடகை மதிப்பு சேராது, சொந்த நிலையான முதலுக்கு வட்டி சேராது. இவற்றையும் சேர்த்த முழுச் செலவுக்கு மேல் 50 சதம் கொடு என்பதுதான் நம்ம கோரிக்கை. 2004-இல் அமைந்து 2006-இல் பணி முடித்த எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையமும், செலவுக்கு மேல் குறைந்தது 50 சதம் என்றுதான் பரிந்துரைத்தது.

நாம் கணக்குச் சொன்னால் அதிகாரி நம்புவதில்லை. ‘துண்டுச் சீட்டு இருக்கா?’ என்கிறார். அண்டை வெட்டினதுக்கும், ராத்திரி மடை பார்த்ததுக்கும் யார் சீட்டுக் கொடுப்பா? நாற்றங்காலில் இருந்து கண்டுமுதல் வரைக்கும் ஒரு மாணவர் கூட இருந்து, அன்றன்றைக்கு நோட்டில் எழுதினால், அது நமக்கு ஆதாரம். அவருக்கு, எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம்.

அறுப்போடு அவர் ஊருக்குப் போய்விடவும் கூடாது. கொள்முதல் நிலையத்துக்கும் வரணும். ஈரப்பதம் 17 சதம் என்பது விதி. மழை பெய்தால் அதைத் தளர்த்த ஒவ்வொரு தடவையும் மத்திய அரசிடம் கேட்டு நிற்கணும். அதுவரைக்கும் நெல் களத்தில் முளைக்கும். குவியலுக்குப் பக்கத்தில் இரண்டு ராத்திரி படுத்துப் பார்த்த பிள்ளை, நாளைக்கு வேளாண் அதிகாரியாக நாற்காலியில் உட்காரும்போது நம்மிடம் வேற மாதிரி பேசும்.

எனவே கல்லூரி நிர்வாகங்களையும் அரசையும் கேட்கிறோம்:

1. மாணவர் வருகையைப் பருவத்தோடு பொருத்து! நடவிலும் களையெடுப்பிலும் அறுப்பிலும் அனுப்பு!

2. தங்கும் நாட்களை முன்கூட்டியே கிராம விவசாயிகளோடு பேசி முடிவு செய்!

3. மாணவர் எழுதும் செலவுக் கணக்கின் ஒரு நகலைக் கையெழுத்துடன் விவசாயிக்குக் கொடு!

4. பயிற்சி மதிப்பெண்ணில் ஒரு பங்கை நிலத்துக்காரரும் தொழிலாளியும் போடட்டும்!

5. மாணவர் கையில் பூச்சிமருந்துத் தெளிப்பானைக் கொடுக்காதே! தங்குமிடம், கழிப்பறை, மருத்துவ வசதியை உறுதி செய்!

நம்ம பங்கும் இருக்கு. வருகிற பிள்ளைகள் என்ன சாதி என்று கேட்காமல் எல்லாருக்கும் ஒரே பந்தியில் சோறு போடணும். பெண் பிள்ளைகள் பாதுகாப்பாகத் தங்க ஊரே பொறுப்பேற்கணும். நம்ம கடனையும் நட்டத்தையும் மறைக்காமல் சொல்லணும். ‘விவசாயம் வேணாம், ஓடிப் போ’ என்று விரட்டாமல், ஏன் நட்டம், யாரால் நட்டம் என்று விளக்கணும்.

இந்தக் கோரிக்கைகளைக் கிளைதோறும் தீர்மானமாக நிறைவேற்றுவோம். கிராமசபையில் வைப்போம். கல்லூரி முதல்வரிடம் நேரில் கொடுப்போம். பதில் வராவிட்டால், நோட்டுப் புத்தகம் ஏந்திய மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு ஆட்சியர் அலுவலக வாசலில் உட்காருவோம்!

சேற்றில் கால் வைத்தவர் நம்மவர்!
கணக்கு எழுதுபவர் நம் சாட்சி!