இரவு விளக்கும் கடலாமையும்



லூமுட் என்றதும் பங்கோர் தீவுக்குப் படகேறும் துறையே பலருக்கு நினைவு வரும். ஆனால் கடற்படைத் தளம், துறைமுகம், மஞ்சோங் அனல்மின் நிலையம், 2014இல் இயங்கத் தொடங்கிய தெலுக் ரூபியா இரும்புத் தாது முனையம் என, இரவிலும் வேலை ஓயாத வட்டாரம் இது. இதே கரையோரத்துக்கு இரவில் வரும் விருந்தாளி ஒன்றும் உண்டு. அதுதான் பச்சைக் கடலாமை. அதைக் காக்க, லூமுட்டுக்கு வடக்கே செகாரியில் மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது.

தாயாமை கரையேறி, மணலில் குழி தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டைகள் இடுகிறது. சுமார் இரண்டு மாதத்தில் அவை பொரிகின்றன. குஞ்சுகள் பெரும்பாலும் இரவிலேயே வெளிவந்து, வெளிச்சம் மிகுந்த திசையை நோக்கி ஊர்ந்து செல்லும். இயற்கையில் அந்தத் திசை கடல்தான். கரையில் விளக்குகள் எரிந்தாலோ, குஞ்சுகள் நிலத்தை நோக்கித் திரும்பிவிடுகின்றன. பொழுது விடிந்ததும் வெயிலுக்கும் காகத்துக்கும் இரையாகின்றன. வெளிச்சத்துக்கு அஞ்சி, முட்டையிடாமலே திரும்பிவிடும் தாயாமைகளும் உண்டு.

ஆகவே, கடலோர ஆலைகளில் பணிபுரிவோர் செய்யக்கூடிய முதல் தொண்டு வேலையிடத்திலேயே தொடங்குகிறது. கடலைப் பார்த்த விளக்குகளுக்கு மறைப்பு இடலாம். அவற்றைத் தாழ்த்திப் பொருத்தலாம். வெள்ளை ஒளிக்குப் பதில் செம்மஞ்சள் ஒளியைப் பயன்படுத்தலாம். தேவையற்ற விளக்குகளை அணைத்தால் மின் கட்டணமும் குறையும். சிற்றுண்டிச் சாலையின் நெகிழிப் பைகள் கால்வாய் வழியே கடல் சேராமல் தடுப்பதும் இதைச் சேர்ந்ததே. மிதக்கும் பையைச் சொறிமீன் என்று நம்பி விழுங்கும் ஆமைகள் உண்டு.

அடுத்தது, ஓய்வு நேரத் தொண்டு. முட்டைகளைக் கண்டால் நாமே எடுக்கக் கூடாது. இட்டுச் சில மணி நேரம் ஆன முட்டையைப் புரட்டினால் உள்ளிருக்கும் கரு இறந்துவிடும். மீன்வளத் துறைக்குத் தெரிவிப்பதே முறை. ஆண்டுக்கொரு நாள் பதாகை பிடித்துக் கரையைக் கூட்டினால் மட்டும் போதாது. சென்னையில் 1988 முதல், மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர், முட்டையிடும் பருவத்தில் இரவுதோறும் கரையில் நடந்து கூடுகளைக் காத்து வருகிறார்கள். அவர்களின் பலம் ஒழுங்குதான். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு நின்றவர்களின் பிள்ளைகளான நமக்கு, முறை தவறாமல் வருவதன் அருமையைப் பிறர் சொல்ல வேண்டியதில்லை.

தாமதித்தால் என்ன ஆகும்? திரங்கானுவின் ரந்தாவ் அபாங் கரையில், 1950களில் ஆண்டுக்குச் சுமார் 10,000 தோல்முதுகு ஆமைக் கூடுகள் இருந்தன. இன்று அந்த ஆமை அங்கே வருவது ஏறக்குறைய நின்றே போயிற்று. முட்டை சேகரிப்பும் மீன்பிடி வலைகளும் முக்கியக் காரணங்கள்.

ஆமை முதிர்ச்சியடையப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். இன்று கடலில் இறங்கும் பெண் குஞ்சு, முட்டையிடத் தான் பிறந்த வட்டாரத்துக்குத் திரும்பி வரும்போது நம்மில் பலர் ஓய்வு பெற்றிருப்போம். அன்றைக்கும் அதற்கு இருண்ட கரை வேண்டும். அதற்கான வேலையை இன்றிரவே, நம் கைக்கு எட்டும் விளக்கிலிருந்து தொடங்குவோம்.