சட்டம் உறங்கினால் காற்று நஞ்சாகும்



வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை உறவாக எண்ணிய இனம் தமிழினம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேலைக்காற்றே கோவையின் வெம்மையைத் தணித்து வந்தது. அக்காற்றில் இன்று கலந்திருப்பவை எவை? ஆலைப்புகை, வார்ப்படச்சாலைத் தூள், ஊர்திக்கரி! 2024 ஏப்பிரலில் வெள்ளலூர்க் குப்பைமேடு நாட்கணக்கில் எரிந்ததையும் கொங்குநாடு கண்டது.

காற்றைக் காக்கச் சட்டம் இல்லையா? உண்டு. 1972-இல் சுடாக்கோம் நகரில் உலக நாடுகள் கூடி எடுத்த முடிவையொட்டி, 1981-இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் இயற்றப்பட்டது. மக்கள் நலவாழ்வு மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆயினும் பன்னாட்டு முடிவுகளை நிறைவேற்ற வழிசெய்யும் அரசமைப்பின் 253-ஆம் பிரிவைக் கொண்டு நடுவணரசே அச்சட்டத்தைச் செய்தது. எனினும் அதனைச் செயற்படுத்தும் பொறுப்பு மாநிலத்தின் தோளில்தான் உள்ளது. கட்டுப்பாட்டுப் பகுதியை அறிவிப்பதும், அங்கே மாசு தரும் பொருளை எரிக்கத் தடைவிதிப்பதும் மாநில அரசின் உரிமை. புகையின் அளவை வரையறுப்பதும், ஆலைக்கு இசைவு தருவதும் மறுப்பதும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடமை. எனவே பழியெல்லாம் தில்லிக்கே என்று ஒதுங்குதல் ஆகாது.

தடாகம் பள்ளத்தாக்கைப் பாருங்கள்! கோவைக்கு வடமேற்கே, மேற்கு மலையடியில், யானைகள் நடமாடும் நிலம் அது. அங்கே செம்மண்ணை ஆழத் தோண்டி, நூற்றுக்கும் மேற்பட்ட செங்கற்சூளைகள் உரிய இசைவின்றியே பல்லாண்டு புகைந்தன. ஊர்மக்கள் முறையிட்டனர், வழக்கும் தொடர்ந்தனர். 2021-இல்தான் சூளைகள் மூடப்பட்டன. சட்டம் பிறந்து நாற்பது ஆண்டு கழித்து!

அதுவரை புகையை விழுங்கியவர் யார்? சூளையில் கல்லறுத்த கூலி மக்களும், அவர்தம் பிள்ளைகளும், அடுத்த தோட்டத்து உழவருமே. சூளை மூடியபோது முதலில் வேலை இழந்தவரும் அக்கூலி மக்களே. சட்டம் தொடக்கத்திலேயே தன் கடமையைச் செய்திருந்தால், இவ்விரு துன்பமும் அவர்க்கு நேர்ந்திரா.

மக்களுக்கும் இச்சட்டத்தில் ஒரு வாயில் உண்டு. 1987-ஆம் ஆண்டுத் திருத்தம், அறுபது நாள் முன்னறிவிப்புத் தந்து எவரும் வழக்குத் தொடரும் உரிமையை வழங்கியது. வாரியத்திலுள்ள அறிக்கைகளைக் கேட்டுப் பெறவும் வழிசெய்தது. இதனை அறிந்தவர் எத்துணைப் பேர்? அறிக்கையை ஆங்கிலத்தில் நீட்டினால் தடாகத்து உழவர் எதைப் படித்தறிவார்?

வரையறுத்த அளவைக் கடந்து புகை கக்குவோர்க்கு முன்பு சிறை இருந்தது. 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்கி, 10,000 உருபா முதல் 15 இலக்கம் உருபா வரை தண்டத்தொகையாக மாற்றியது. பெருமுதலாளிக்கு அது செலவுக் கணக்கில் ஒரு வரி. நுரையீரல் கெட்டவர்க்கோ அது வாழ்நாள் இழப்பு!

ஆகவே, ஊர்தோறும் இச்சட்டத்தைத் தமிழில் படித்துக் காட்டுங்கள். புகைபோக்கி எழும்பும் இடத்திலெல்லாம் இசைவு உண்டா என்று கேளுங்கள். இல்லையெனில் எழுத்தில் முறையிடுங்கள், ஒப்புகை பெறுங்கள், விடை வரும்வரை விடாதீர்கள். சட்டம் ஏட்டில் உறங்கும். அதனை எழுப்ப வேண்டியவர் ஊர்மக்களே!