வெர்சாய்: நீர் வந்த வழி

பாரிஸ் நகரிலிருந்து தென்மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது வெர்சாய். பிரெஞ்சு மன்னர்களின் அரண்மனையைப் பார்க்க அங்கே போகிறவர்கள், பெரும்பாலும் கண்ணாடி மண்டபத்திலேயே பாதி நாளைச் செலவழித்துவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் நேரத்தில் தோட்டத்தை அவசரமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ரயிலைப் பிடிக்கிறார்கள். நீங்கள் போனால் தோட்டத்துக்கு ஒரு முழுப்பகலைக் கொடுங்கள். பூக்களையும் சிலைகளையும் பார்க்கும்போது, இவ்வளவு தண்ணீர் இங்கே எப்படி வந்தது என்ற கேள்வியையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.

1623இல் பதின்மூன்றாம் லூயி மன்னர் வேட்டைக்கு வந்தால் தங்குவதற்காக இங்கே சிறிய மாளிகை ஒன்றைக் கட்டினார். சுற்றிலும் காடும் சதுப்பும்தான். அவருடைய மகன் பதினான்காம் லூயி, 1661 முதல் ஆந்த்ரே லெ நோத்ர் என்ற தோட்டக் கலைஞரைக் கொண்டு அந்தச் சதுப்பைத் தோட்டமாக மாற்றத் தொடங்கினார். அந்தத் தோட்டத்தின் மீது மன்னருக்கு அப்படியொரு பற்று. எந்த வாசலில் புறப்பட வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று விருந்தினர்களுக்காக அவரே ஒரு வழிகாட்டிக் குறிப்பை எழுதிவைத்தார். இன்றைக்கும் அந்த வரிசையில் நடந்து பார்க்க முடியும்.

மன்னர் நிற்கச் சொல்லும் இடங்களில் ஒன்று, லத்தோனா நீரூற்றுக்கு மேலே உள்ள படிக்கட்டு. அங்கிருந்து பார்த்தால் நேர்கோட்டில் புல்வெளிப் பாதை, அதன் கோடியில் தேரோடு நீரிலிருந்து எழும் சூரியக் கடவுள் அப்பல்லோவின் சிலை, அதற்கும் அப்பால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளும் பெருங்கால்வாய். அந்தக் காட்சியை ரசித்துவிட்டு, படியிறங்கி லத்தோனாவின் அருகே போங்கள். பச்சிளங்குழந்தைகள் இருவரோடு தாகத்தில் தவித்து வந்த தாய் அவள். குளக்கரையில் இருந்த குடியானவர்கள் குடிக்கவிடாமல் தண்ணீரைக் கலக்கிச் சேறாக்கினார்கள். அதற்குத் தண்டனையாகத் தவளைகளாக மாறினார்கள் என்பது பழங்கதை. சிற்பிகள் அந்த மாற்றத்தைப் பாதி வழியில் பிடித்திருக்கிறார்கள். ஒருவருக்கு உடல் மனித உடல், தலை மட்டும் தவளைத் தலை. பொன் பூசிய தவளை வாய்களிலிருந்து தண்ணீர் பீறிடுகிறது. தண்ணீர் மறுக்கப்பட்ட கதையைச் சொல்லும் சிற்பம் நிற்கும் இடமே தண்ணீருக்குத் தவித்த இடம்தான்.

காரணம் இதுதான். அரண்மனை மேட்டில் இருக்கிறது. அருகில் பெரிய ஆறு இல்லை. நீர்த்தாரை உயரமாக எழ வேண்டுமானால், தண்ணீர்த் தொட்டி அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ஆக, இருக்கிற கொஞ்சத் தண்ணீரையும் மேலே ஏற்றியாக வேண்டும். தாழ்வான பெருங்கால்வாயில் சேர்ந்த நீரைக் காற்றாலைகள் வைத்து மீண்டும் மேலே இறைத்தார்கள். அப்படியும் எல்லா நீரூற்றுகளையும் ஒரே நேரத்தில் ஓடவிட முடியவில்லை. அதனால் மன்னர் நடந்து வரும்போது பணியாளர்கள் ஒருவருக்கொருவர் விசில் அடித்துச் சொல்வார்கள். அவர் வரும் இடத்தில் மடை திறக்கும். அவர் கடந்து போனதும் மூடிவிடும்.

இந்தத் தட்டுப்பாட்டைத் தீர்க்க, லுவார் ஆற்றைக் கால்வாய் வெட்டிக் கொண்டுவந்துவிடலாம் என்றார் ரிக்கே. தென்பிரான்சின் புகழ்பெற்ற மிதி கால்வாயைக் கட்டியவர் அவர். வானியலாளர் பிக்கார் நிலத்தின் மட்டத்தை நுட்பமாக அளந்து பார்த்து, ஆறு தாழ்வாக இருக்கிறது, தண்ணீர் ஏறாது என்று காட்டினார். அந்த அளவை ஒரு பெரும் வீண்செலவைத் தடுத்தது. பிறகு, சுற்றியுள்ள மேட்டுநிலங்களில் ஏரிகள் வெட்டி, மழைநீரை வாய்க்கால்கள் வழியாகச் சேர்த்தார்கள். தானாகவே சரிவில் இறங்கி வந்த அந்த நீரும் போதவில்லை.

அடுத்து செய்ன் ஆற்றங்கரையில் எழுந்தது மார்லி இயந்திரம். லியேஜ் பகுதியிலிருந்து வந்த ரென்கின் சுவாலெம் என்ற தச்சு வல்லுநர் கட்டியது. ஆற்றோட்டத்தில் சுழலும் 14 பெருஞ்சக்கரங்கள், அவற்றோடு இணைந்த 200க்கும் மேற்பட்ட பம்புகள். 1684இல் இயங்கத் தொடங்கிய இந்த அமைப்பு, ஆற்று நீரைச் சுமார் 160 மீட்டர் உயரத்துக்கு ஏற்றியது. நீராவி இயந்திரம் பயனுக்கு வராத காலத்தில், மரத்தையும் இரும்பையும் வைத்துச் செய்த அரும்பெரும் சாதனை அது.

மன்னரின் தாகம் அப்போதும் அடங்கவில்லை. 1685இல் எர் ஆற்றைத் திருப்பிக் கொண்டுவரும் பணி தொடங்கியது. பொறியாளர் வோபான் திட்டம் வகுத்தார். ஆயிரக்கணக்கான படைவீரர்கள் மண்வெட்டி பிடித்தார்கள். பள்ளத்தாக்கைக் கடக்க மெந்தெனோன் என்ற ஊரில் மாபெரும் மேல்நிலைக் கால்வாய் எழும்பியது. வேலைத் தலங்களில் காய்ச்சல் பரவி ஏராளமானோர் மாண்டார்கள். 1688இல் போர் மூண்டது. படைவீரர்கள் போர்முனைக்குப் போனார்கள். பணி நின்றது நின்றதுதான். அந்த ஆற்றின் ஒரு சொட்டு நீர்கூட வெர்சாய் வந்து சேரவில்லை.

இன்று நிலைமை வேறு. நீர் சுழற்சி முறையில் திரும்பத் திரும்பப் பயன்படுகிறது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, முக்கியமாக வார இறுதி நாட்களில், இசையோடு நீரூற்றுகளைத் திறந்துவிடுகிறார்கள். அந்த நாட்களில் போனால், திறப்பதற்குச் சற்று முன்பே ஏதாவது ஒரு குளத்தருகே நில்லுங்கள். பணியாளர் ஒருவர் யாழ் வடிவக் கைப்பிடி கொண்ட நீளமான இரும்புச் சாவியோடு வருவார். தரைக்கடியில் உள்ள வால்வில் அதைப் பொருத்தி, நிதானமாகத் திருப்புவார். முதலில் குழாயில் இருந்த காற்று சீறும். அப்புறம் நீர் விட்டுவிட்டுத் துள்ளும். பின்பு ஒரே சீராக எழும். பதினான்காம் லூயி காலத்து வார்ப்பிரும்புக் குழாய்கள் பல, இன்னும் மண்ணுக்கடியில் வேலை செய்துகொண்டிருக்கின்றன.

லெ நோத்ரின் கலையை நான் மனமார வியக்கிறேன். அந்த வியப்பில் அளந்தவருக்கும், பம்பு செய்தவருக்கும், காய்ச்சலில் விழுந்த படைவீரருக்கும் பங்கு இருக்க வேண்டும். ஆகவே ஒரு வேண்டுகோள். பாரிஸில் கூடுதலாக ஒரு நாள் கிடைத்தால், ரயிலேறி மெந்தெனோனுக்கும் போய் வாருங்கள். அந்த மேல்நிலைக் கால்வாயின் வளைவுகள் அங்குள்ள கோட்டைப் பூங்காவில் இன்றும் பாதியில் நிற்கின்றன. வெர்சாய் தோட்டத்துக்கு ஆன விலையில் ஒரு பகுதி அங்கேதான் இருக்கிறது. அதையும் பார்த்தவரே அந்தத் தோட்டத்தை முழுதாகப் பார்த்தவர்.