ஏழு மணிக்கு மேல் ஒரு சைவச் சமையல்



கிள்ளான் பள்ளத்தாக்கில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில், சாலை நெரிசலைத் தாண்டி வந்து கதவைத் திறக்கும்போது மணி ஏழாகிவிடுகிறது. பிள்ளைகள் பசியோடு காத்திருப்பார்கள். அப்போது கைக்கு எட்டுவது உடனடி மீ பொட்டலம். இல்லையென்றால் கடைச் சாப்பாடு. வெள்ளிக்கிழமை சைவம் காக்கும் குடும்பங்களிலும் இதே கதைதான். பொரித்த உருளைக்கிழங்கு, அப்பளம், டின்னில் வரும் உப்பு மிகுந்த சைவ இறைச்சி என்று அன்றைய விரதம் முடிந்துவிடுகிறது. இறைச்சி இல்லை என்பதற்காக மட்டும் ஓர் உணவு சத்துணவாகிவிடாது.

மலேசியச் சுகாதார அமைச்சின் 2023 ஆய்வின்படி பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு உள்ளது. இந்தியர்களிடையே அது மற்றவர்களைவிட அதிகம். ஆகவே தட்டில் சோறு எவ்வளவு என்பது முக்கியம். அமைச்சு சொல்லும் கணக்கு எளிது: கால் தட்டு சோறு, கால் தட்டு பருப்பு போன்ற புரதம், அரைத் தட்டு காய்கறியும் பழமும். நம் வீடுகளில் சோறுதான் அரைத் தட்டைப் பிடித்துக்கொள்கிறது!

வேலைக்குப் போகிறவர்களுக்குக் கைகொடுப்பது மைசூர் பருப்பு. ஊற வைக்க வேண்டாம், குக்கரும் வேண்டாம். இருபது நிமிடத்தில் குழைந்துவிடும். அது வேகும்போதே பயாம் கீரையை அலசி நறுக்கி, மஞ்சள், பூண்டு, தக்காளியோடு சேர்த்துக் கடைசியில் தாளித்துக் கொட்டினால் குழம்பும் கீரையும் ஒரே சட்டியில் முடிந்துவிடும். அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழியுங்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர எலுமிச்சையின் வைட்டமின் சி உதவும்; கொதிக்கவிட்டால் அது குறைந்துபோகும். சாப்பிட்ட கையோடு தே தாரேக் குடிப்பது இதற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது. ஒரு மணி நேரம் பொறுத்துக் குடிக்கலாமே.

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் தெம்பேயை அதன் வாடைக்காகவே பலர் ஒதுக்குகிறார்கள். மெல்லியதாக நறுக்கி, ஐந்து நிமிடம் ஆவியில் வைத்து, மிளகாய்த்தூள், மஞ்சள் தடவி இரண்டு கரண்டி எண்ணெயில் புரட்டி எடுத்தால் வாடை அடங்கிவிடும். பிள்ளைகள் மீன் வறுவலைப் போலவே எடுத்துச் சாப்பிடுவார்கள். ஆனால் தெம்பேயில் பி12 வைட்டமின் இருக்கிறது என்று சிலர் சொல்வதை நம்பி இருந்துவிட வேண்டாம். பால், முட்டை எதையும் தொடாதவர்கள் அதற்கு மருத்துவரைக் கேட்பதே நல்லது.

கொண்டைக்கடலையைக் காலையில் ஊறப்போட்டு மேசையில் விட்டுப் போனால் நம் வெயிலுக்கு மாலைக்குள் நுரைத்துவிடும்; குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சிவப்பு பீன்ஸ் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வைக்க வேண்டும். அரைவேக்காட்டில் அதிலுள்ள நச்சு வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். மெதுவாக வேகும் மின்சாரச் சட்டியில் நேராகப் போடுவது ஆபத்து. மீந்த சோற்றையும் இரவு முழுக்க வெளியே விடாமல், சூடு ஆறியதும் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

ஞாயிறன்று மாவாட்டி வைப்பது, வெங்காயம் உரிப்பது, தேங்காய் துருவுவது எல்லாம் இன்னும் பெண்கள் தலையிலேயே விழுகிறது. வேலைக்குப் போவது இருவர், சமைப்பது மட்டும் ஒருவரா? பத்து வயதுப் பிள்ளையால் பயிற்றங்காயை ஒடித்துத் தர முடியும். வியாழன் இரவு ஒரு குவளைக் கடலையைக் கழுவி நீரூற்றிப் பெட்டிக்குள் வைக்க வீட்டுத் தலைவருக்கு இரண்டு நிமிடம் போதும். வெள்ளிக்கிழமை மாலை அது குக்கரில் ஏறினால், எட்டு மணிக்கெல்லாம் எல்லோரும் சாப்பிட உட்காரலாம்.