வாடகை விமானமும் ஹெலிகாப்டரும்: பாதுகாப்புச் சான்று எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், விமானப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றின் தரப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற ‘சி’ பிளாக் உறுப்பினர் பேசியது. கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



வாடகை விமானங்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று நோட்டீஸ் போர்டில் பார்த்துவிட்டு, லிஃப்டில் ஒருவர் கேட்டார்: “சார், நாம மெயின்டனன்ஸ் கட்டவே யோசிக்கிறோம், நமக்கு எதுக்கு தனி விமானம்?” நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டு சந்தர்ப்பங்களில் நாமும் வாடகை விமானத்தில் ஏறுகிறோம். ஒன்று, கேதார்நாத் போன்ற யாத்திரையில் ஹெலிகாப்டர். மற்றொன்று, ஏர் ஆம்புலன்ஸ்.

சென்ற ஆண்டு நம் குடியிருப்பில் ஒரு குடும்பம், வடக்கே உடல்நலம் குன்றிய பெரியவரைச் சென்னைக்குக் கொண்டுவர ஏர் ஆம்புலன்ஸ் தேடியது. மூன்று ஏஜென்ட்கள் மூன்று விலை சொன்னார்கள். விசாரித்தபோது, அதில் இரண்டு பேர் சொன்னது ஒரே விமானம்! மூவரிடமும் சொந்த விமானம் கிடையாது. மூவரின் விளம்பரத்திலும் “பாதுகாப்புச் சான்று பெற்றது” என்று இருந்தது. யாருக்குச் சான்று, யார் கொடுத்தது என்று எதிலும் இல்லை. அந்த வீட்டுப் பிள்ளை இரவு பதினொரு மணிக்கு என்னைக் கூப்பிட்டு, “அங்கிள், இதுல என்ன பார்க்கணும்?” என்று கேட்டார். அன்று அவசரத்தில் சொன்னதை இன்று நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. இண்டிகோ, ஏர் இந்தியா போல அட்டவணை போட்டுப் பறப்பது ஒரு வகை. அட்டவணை இல்லாமல், வாடகைக்குப் பறப்பது இன்னொரு வகை. இந்தியாவில் இந்த இரண்டாவது வகைக்கு டி.ஜி.சி.ஏ. தனி அனுமதி கொடுக்கிறது. அனுமதி பெற்றவர்களின் பட்டியல் அதன் இணையதளத்திலேயே இருக்கிறது. இந்த அனுமதி ஒரு குறைந்தபட்சத் தகுதி. பத்தாம் வகுப்பில் பாஸ் என்பது போல. 36 வாங்கியவரும் பாஸ், 96 வாங்கியவரும் பாஸ்.

36-க்கும் 96-க்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லத்தான் தனியார் தர மதிப்பீடுகள் வந்தன. தனி விமானங்கள் மிக அதிகம் உள்ள அமெரிக்காவில்தான் இவை வளர்ந்தன. ஆர்கஸ் என்ற நிறுவனம் கோல்டு, கோல்டு பிளஸ், பிளாட்டினம் என்று தரம் பிரிக்கிறது. கோல்டு என்றால், ஆபரேட்டரின் கடந்தகால வரலாற்றையும் விமானிகளின் பின்னணியையும் ஆராய்ந்திருக்கிறார்கள். பிளாட்டினம் என்றால், தணிக்கையாளர்கள் நேரில் போய்ப் பார்த்திருக்கிறார்கள். வைவர்ன் என்ற நிறுவனம் நேரடித் தணிக்கைக்குப் பிறகு ‘விங்மேன்’ என்ற தகுதியைக் கொடுக்கிறது. ஐ.எஸ்.-பி.ஏ.ஓ. என்பது சர்வதேச வணிக விமானச் சங்கங்களின் கூட்டமைப்பு 2002-இல் கொண்டுவந்த தரநிலை. அதில் மூன்று நிலைகள். முதல் நிலையில் பாதுகாப்பு மேலாண்மை முறைக்கு அடித்தளம் போட்டிருக்க வேண்டும். இரண்டாவதில் அது வேலை செய்ய வேண்டும். மூன்றாவதில் அது நிறுவனத்தின் இயல்பாகவே ஆகியிருக்க வேண்டும்.

இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள். நானே தணிக்கை செய்தவன், தணிக்கையைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதன் எல்லை எனக்குத் தெரியும். ஒருமுறை ஒரு பராமரிப்புக் கூடத்துக்கு, சொன்ன தேதிக்கு முதல் நாள் இரவே போய்விட்டேன். மேஜை மேல் மறுநாள் காலைக்கான சோதனைப் பட்டியல். எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து ஏற்கெனவே போட்டாயிற்று. இன்னும் செய்யாத வேலைக்குக் கையெழுத்து! மறுநாள் மட்டும் போயிருந்தால், “பதிவேடுகள் ஒழுங்காக உள்ளன” என்றுதான் எழுதியிருப்பேன்.

இதே விஷயம் பெரிய அளவில் வெளிப்பட்ட சம்பவம் ஒன்று. 2014 மே 31 இரவு, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பெட்ஃபோர்டு. கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி-4 என்ற தனி விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்தது, ஆனால் மேலே எழவில்லை. ஓடுபாதையைத் தாண்டிப் போய்த் தீப்பிடித்தது. ஏழு பேரும் இறந்தார்கள். காரணம் என்ன? விமானம் நிற்கும்போது காற்றில் வால் பகுதி, இறக்கைப் பகுதிகள் ஆடாமலிருக்க ஒரு பூட்டு உண்டு. அதை விடுவிக்காமலே புறப்பட்டுவிட்டார்கள். கட்டுப்பாட்டுக் கருவியை ஒருமுறை முழுவதுமாக அசைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சில விநாடி வேலை.

விமானிகள் புதியவர்களா? இல்லை. இருவரும் சுமார் 12 ஆண்டுகள் சேர்ந்து பறந்தவர்கள். விசாரணை வாரியம் அந்த விமானத்தின் பதிவுக் கருவியை எடுத்து, அதற்கு முந்தைய 175 புறப்பாடுகளைப் பார்த்தது. 98 சதவீதத்தில் அந்தச் சோதனையை முழுமையாகச் செய்யவே இல்லை.

அந்த நிறுவனம் ஐ.எஸ்.-பி.ஏ.ஓ. இரண்டாம் நிலைச் சான்று பெற்றது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. சான்று பொய் இல்லை. கையேட்டில் முறை இருந்தது, தணிக்கையாளர் அதைப் பார்த்தார். விமானி அறைக்குள் தினமும் நடந்ததை அவர் பார்க்கவில்லை. சோதனைப் பட்டியலை உண்மையில் எப்படிப் பின்பற்றுகிறார்கள் என்பதையும் தணிக்கையில் சேர்க்க வேண்டும் என்று விசாரணை வாரியம் பிறகு பரிந்துரைத்தது. அமெரிக்க வணிக விமானச் சங்கம் 2013 முதல் 2015 வரையிலான சுமார் 1,43,000 பறப்புகளின் பதிவுகளை ஆராய்ந்தது. ஏறக்குறைய 18 சதவீதப் பறப்புகளில் இந்தச் சோதனை அரைகுறை, அல்லது இல்லவே இல்லை. ஒரு கம்பெனியின் கெட்ட பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது.

அடுத்தது, சான்று யாருடையது என்ற கேள்வி. 2005 பிப்ரவரி 2, நியூ ஜெர்சியில் டெட்டர்போரோ விமான நிலையம். சேலஞ்சர் வகை ஜெட் ஒன்று எழ முடியாமல் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து, எதிரே இருந்த கிடங்கில் மோதியது. உயிர்ச் சேதம் இல்லாமல் போனது அதிர்ஷ்டம். எடைச் சமநிலை வரம்பை மீறி, மூக்குப் பக்கம் கனமாக இருந்ததால் விமானம் எழவில்லை. அதை ஓட்டிய நிறுவனத்தின் பெயர் பிளாட்டினம் ஜெட். பெயர்தான் பிளாட்டினம்! வாடகைக்கு ஓட்டுவதற்கு வேண்டிய சான்று அவர்களிடம் இல்லை, வேறொரு நிறுவனத்தின் சான்றைக் காட்டிப் பறந்தார்கள். அந்த வேறு நிறுவனமோ இந்தப் பறப்புகளை உண்மையில் கட்டுப்படுத்தவில்லை. நிறுவனத்தை நடத்தியவர்கள் மீது வழக்கு நடந்து, 2010-இல் குற்றம் உறுதியானது. பயணிகள் யாருக்காவது இது முன்பே தெரிந்திருக்குமா? கேட்டிருந்தால்தானே தெரியும்.

கால்பந்து பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு எமிலியானோ சாலாவைத் தெரியும். 2019 ஜனவரியில் பிரான்சின் நான்ட் நகரிலிருந்து கார்டிஃப் போகும் வழியில் கடலில் விழுந்து இறந்த வீரர். அவர் ஏறிய சிறு விமானத்தை ஓட்டியவரிடம் வணிக விமானி உரிமம் இல்லை. காசு வாங்கிக்கொண்டு பயணியை ஏற்றிச் செல்லும் தகுதியே அவருக்குக் கிடையாது. பயணத்தை ஏற்பாடு செய்தவருக்கு 2021-இல் 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. கோடிகளில் விலை பேசப்பட்ட வீரருக்கே இந்தக் கதி.

கடைசியாக நம்மைப் பற்றி. 2001 மார்ச் 29, அமெரிக்காவில் ஆஸ்பென் என்ற மலை ஊர். இருட்டும் நேரம், பனி. வேறு ஊரில் இறங்க வேண்டியிருக்கலாம் என்ற பேச்சு வந்தபோது, விமானத்தை வாடகைக்கு எடுத்தவர் எரிச்சலடைந்தார். ஆஸ்பெனிலேயே இறங்க வேண்டும் என்று நிறுவனத்துக்குச் சொல்லியனுப்பினார். விமானம் மலைச்சரிவில் மோதி 18 பேரும் இறந்தார்கள். வாடிக்கையாளர் கொடுத்த அழுத்தத்தையும் விசாரணை அறிக்கை காரணங்களோடு சேர்த்து எழுதியது. எந்தச் சான்றிதழும் நம் வாயைக் கட்டாது, நாம்தான் கட்டிக்கொள்ள வேண்டும்.

கேதார்நாத்துக்கு இது அப்படியே பொருந்தும். ஒடுங்கிய பள்ளத்தாக்கு, நிமிடத்தில் இறங்கும் மேகம், கண்ணால் பார்த்துப் பறக்கும் ஹெலிகாப்டர். 2022 அக்டோபர் 18 அன்று அங்கே விழுந்த ஹெலிகாப்டரில் இறந்த ஏழு பேரில் தமிழ்நாட்டு யாத்ரீகர்களும் இருந்தார்கள். 2025 ஜூன் 15 அன்று மீண்டும் ஒரு விபத்து, மீண்டும் ஏழு உயிர். “இவ்வளவு தூரம் வந்துட்டோம், இன்னிக்கே தரிசனம் பண்ணிடணும்” என்று நாம் தவிப்பது தளத்தில் நிற்பவர்கள் காதிலும் விழுகிறது. பைலட் “இன்று வேண்டாம்” என்றால், அவருக்குக் கைகூப்பிவிட்டு அறைக்குத் திரும்புங்கள். கூடுதலாக இரண்டு நாள் வைத்துப் பயணத்தைத் திட்டமிடுங்கள்.

இனி, பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை. பதிலை எழுத்தில், வாட்ஸ்அப்பிலாவது, வாங்குங்கள்.

1. விமானத்தை இயக்கும் ஆபரேட்டர் யார்? ஏஜென்ட் பெயர் வேண்டாம். அந்த ஆபரேட்டரின் பெயர் டி.ஜி.சி.ஏ. பட்டியலில் இருக்கிறதா?

2. விமானத்தின் பதிவு எண் என்ன? அது அந்த அனுமதியின் கீழ் வருகிறதா? கடைசி நேரத்தில் விமானம் மாறினால், மீண்டும் முதல் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

3. எத்தனை விமானிகள்? மலைப்பகுதி என்றால், அந்த வழியில் பறந்த அனுபவம் உண்டா?

4. தர மதிப்பீடு இருப்பதாகச் சொன்னால், கொடுத்தது யார், எந்த நிலை, எந்தத் தேதிவரை? ஆபரேட்டருக்குக் கொடுத்த மதிப்பீடு வேறு. இந்த நாளில், இந்த விமானத்தை, இந்த விமானிகள் ஓட்டத் தகுதியா என்று பார்க்கும் பயணவாரிச் சரிபார்ப்பு வேறு. ஆர்கஸ், வைவர்ன் இரண்டிலும் அந்தச் சரிபார்ப்பும் உண்டு.

5. வானிலை காரணமாக ரத்தானால் பணம் திரும்ப வருமா? இது வெறும் பணக் கேள்வி இல்லை. ரத்து செய்தால் நஷ்டம் என்ற நிலையில் யாரையும் வைக்கக் கூடாது, நம்மையும் சேர்த்து.

நேரான ஆபரேட்டர் இவற்றுக்குப் பத்து நிமிடத்தில் பதில் சொல்வார். “அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம் சார்” என்று மட்டும் பதில் வந்தால், அடுத்த ஏஜென்ட்டைக் கூப்பிடுங்கள். அந்த இரவு நம் குடும்பமும் அதைத்தான் செய்தது. முதலில் பேசியவர் ஆபரேட்டர் பெயரைச் சொல்லவே மறுத்தார். மூன்றாமவர் பதிவு எண்ணோடு அனைத்தையும் அனுப்பினார். கொஞ்சம் கூடுதல் விலை, நான்கு மணி நேரம் தாமதம். பெரியவர் நல்லபடியாக வந்து சேர்ந்தார். இன்று முன் வரிசையில் அவரே உட்கார்ந்திருக்கிறார்.

கிளம்பும்முன் நம் வீட்டு விஷயம் ஒன்று. நம் லிஃப்ட் அறையில் தொங்கும் சர்வீஸ் கார்டில் இந்த மாதக் கட்டங்கள் எல்லாவற்றிலும் கையெழுத்து இருக்கிறது. தேதி இன்னும் பத்தே ஆகவில்லை. செயலாளரிடம் சொல்லிவிட்டேன். அடுத்த முறை மெக்கானிக் வரும்போது நம்மில் ஒருவர் கூடவே நின்று பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. முதல் முறை நான் நிற்கிறேன், அடுத்த மாதத்துக்கு யாராவது பெயர் கொடுங்கள்.

இந்த ஐந்து கேள்விகளும் அச்சடித்து அசோசியேஷன் அலுவலகத்தில் இருக்கும். யாத்திரைக்கு புக் செய்கிறவர்கள் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் என்றால் எந்த நேரமும் என் வீட்டுக் கதவைத் தட்டலாம்.